உள்ளே இருப்பவர்கள்

அன்று மாலை, பட்டியலில் அவள் பெயருக்கு நேரே இருந்த கதவு மாறியிருந்தது.

அவன் உடனே கவனிக்கவில்லை. சுவரில் ஒரே ஆணியில் மாதக்கணக்காகத் தொங்கும் நாட்காட்டி போலத்தான் அந்த வரி அவனுக்கு. கண் படும், மனம் படாது. தாளை அச்சு இயந்திரத்திலிருந்து உருவும்போதுதான் ஏதோ இடறியது. பெயர், கடைசியாகத் திறந்த கதவு, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என்று நான்கு பத்திகள். அவள் வரியில் கதவு எப்போதும் 'சோதனை அறை'. இன்று 'மூன்றாம் மாடி நடை' என்றிருந்தது. கடைசிப் பத்தி மட்டும் மாறவில்லை. அங்கே வழக்கம்போல 'உள்ளே' என்ற சொல்.

அவள் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

அவனும் மனைவியான அவளும் வேலை பார்த்தது, அட்டை வைத்தால் திறக்கும் பூட்டுகளைச் செய்யும் கம்பெனியில். கட்டிடத்தில் கழிப்பறையும் பின்பக்க ஷட்டரும் தவிர எல்லாக் கதவிலும் தங்கள் பூட்டையே பொருத்தி வைத்திருந்தார்கள். யார் எந்தக் கதவைத் திறந்தாலும் ஒரு வரி டேட்டாபேஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். பூட்டு ஒப்புக்கொண்டால் இரண்டு சுரம் ஒலிக்கும், தாழ்ந்தது ஒன்று, உயர்ந்தது ஒன்று. மறுத்தால் ஒரே நீளச் சத்தம். தினமும் மாலை, இன்னும் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியலை அச்சிட்டு வாசலில் காவலாளியிடம் கொடுக்க வேண்டும். அவர் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டுப் பூட்டுவார். அந்தப் பட்டியலைத் தயாரிப்பது முன்பு அவள் வேலை. இப்போது அவனுடையது.

அதற்கு மவுஸும் படமும் இல்லாத ஒரு கறுப்புத் திரை. கேட்க வேண்டியதைத் தட்டச்சு செய்தால் பதில் எழுத்தாக வந்து விழும். சும்மா கேட்டால் அசிங்கமாக விழும். பெயர் பாதியில் மடங்கி அடுத்த வரிக்குப் போகும், தேதி தனியாகத் தொங்கும், பக்கத்தின் நடுவில் தலைப்பு மறுபடி முளைக்கும். இந்தப் பத்தி இவ்வளவு அகலம், இதற்கு இது தலைப்பு, பக்கத்துக்கு இத்தனை வரி என்று அதற்கு ஒவ்வொன்றாகச் சொல்லித் தர வேண்டும். அதையெல்லாம் அவள் ஒரு சிறிய கோப்பில் எழுதி வைத்திருந்தாள். திரையைத் திறந்தவுடன் அது தானாக ஓடும். அவன் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

ஒரே பெயர் அடுத்தடுத்த வரிகளில் வந்தால் முதல் வரியில் மட்டும் அச்சாகும்படி வைத்திருந்தாள். கீழே வெற்றிடம் இருந்தால் மேலே உள்ளவரே என்று அர்த்தம். ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் இத்தனை வரி மாற்றினேன், இத்தனை வரி எடுத்தேன் என்று திரை பேசுவதை நிறுத்தி வைத்திருந்தாள். "உங்கம்மா மாதிரி, ஒரு வேலை செஞ்சா ஒம்பது தடவை சொல்லிக்காட்டுது" என்று அப்போது சிரித்தாள். அதனால் இப்போது திரை எதைச் செய்தாலும் வாய் திறக்காது. அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் இடத்தில் ஒரு சொல் மட்டும் மின்னும்.

சொல்லு>

தொலைபேசியை எடுத்தால் அவள் ஹலோ சொல்ல மாட்டாள். 'சொல்லு' என்பாள்.

வெளியே போன நேரம் காலியாக இருந்தால், அந்த வெற்றிடத்தில் 'உள்ளே' என்று அச்சாகும்படி எழுதியதும் அவள்தான். சோதனை அறையில் மேசைமேல் சாய்ந்தவளைப் பின்பக்க ஷட்டர் வழியாகத் தூக்கிப் போனார்கள். அந்த ஷட்டரில் பூட்டு இல்லை. காலில் செருப்பு இல்லை, கழுத்தில் அட்டை மட்டும் ஆடியது. வெளியே போனதற்கான வரி எங்கும் பதிவாகவில்லை. அன்றிலிருந்து தினமும் மாலை அவன் அச்சிடும் தாளில் அவள் உள்ளே இருந்தாள்.

வெளியே போன நேரத்தை எழுதிச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். அவன் செய்யவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தாளோடு வாசலுக்குப் போனான். காவலாளியைச் சாவிக்காரர் என்று கூப்பிடுவார்கள். ஒரு சாவிகூடத் தேவைப்படாத கட்டிடத்தில் இடுப்பில் கொத்துச் சாவி கட்டிக்கொண்டு திரிகிறவர். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றித் தாளை விளக்கடியில் பிடித்தார்.

"நடையா?" என்றார். "ரூம்ல இல்லையா?"

அந்த வரியை அவர் அடித்துவிட்டுப் பூட்டுவார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். அதைச் சொன்னான்.

"அடிக்கிறதா? பேர் இருந்தா போய்ச் சொல்லிட்டுத்தான் பூட்டணும் தம்பி. அதுக்குத்தானே லிஸ்ட்டு."

"தினமுமா?"

"தினமும்தான். கதவைத் தட்டி, தங்கச்சி, பூட்டப் போறேன்னு சொல்லுவேன். லைட்டை அணைச்சுட்டு வந்துருவேன்." அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஒரு வருஷமா பேச்சுத் துணை. மத்தவங்க மாதிரி அஞ்சு நிமிஷம்னு கெஞ்சுறதில்ல."

அது அவருக்கு நகைச்சுவை. அவனும் உதட்டை அசைத்தான். அவர் படியேறப் போனவர் நின்றார்.

"மேசைக்கடியில அதோட செருப்பு கெடக்குமில்ல? நாலு நாளா காணோம். கூட்டுறவங்ககிட்ட கேட்டேன். தொடலேங்கிறாங்க."

*

வீட்டில் மகள் குட்டி வாசலுக்கு ஓடி வந்தாள். அவளுக்கு அடுத்த வருடம்தான் பள்ளிக்கூடம். பூட்டு திறக்கும் ஓசையை வாயால் செய்வது அவள் வழக்கம். கதவு இரண்டு சுரம் ஒலித்தவுடன் உள்ளிருந்து அவளும் "டூ-டீ" என்பாள்.

அந்த வீட்டுப் பூட்டும் கம்பெனியுடையதுதான். புது மாதிரியை யாராவது வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றபோது குட்டியின் அம்மாதான் கையைத் தூக்கினாள். அட்டைகளுக்குப் பெயர் எழுதும்போது அப்பா, அம்மா, குட்டி என்றே பதிவு செய்தாள். சாதாரணப் பட்டியலில் வீட்டுக் கதவு வராது. அதற்கென்று விளையாட்டாகத் தனியாக ஒன்று எழுதினாள். அதில் கதவு முன்னால், ஆள் பின்னால். ஒன்றாகக் கதவைத் தாண்டினால் கதவும் திசையும் ஒரே முறைதான் அச்சாகும். முதன்முதலில் மூன்று பேரும் வெளியே போய்வந்த அன்று அலுவலகத் திரையில் அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

வீட்டு வாசல்      வெளியே      அம்மா
                                              குட்டி
                                              அப்பா

"காலியா இருக்கே" என்றான் அவன்.

"காலி இல்ல. மேல இருக்கிறதுதான். சேர்ந்து போனோம்னு அர்த்தம்."

இப்போது அம்மா என்று எழுதிய அட்டை வாசலுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. பக்கத்தில் குட்டியின் அட்டை, அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில். ஆணியை அந்த உயரத்தில் அடித்ததும் அம்மாதான்.

ஷூவைக் கழற்றினான். குட்டி எதிரே குந்தி உட்கார்ந்து கேட்டாள்.

"அம்மா வெளிய வந்துட்டாளா?"

"இன்னும் இல்ல."

"வேலை நிறைய" என்று பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டிவிட்டு எழுந்து போனாள்.

தீயிட்டுத் திரும்பிய அன்று அம்மா எங்கே என்று அவள் கேட்டபோது அவன் வாய்க்கு வந்தது அந்த ஒரு பதில்தான். ஆபீஸ்ல இருக்கா. அது முழுப் பொய்யும் இல்லை. மறுவாரம் வேலைக்குப் போனபோது திரையும் அதையே சொன்னது. திரையும் அவனும் ஒரே பேச்சில் நின்றார்கள். நாள் போகப் போக மாற்றிச் சொல்ல வழி தெரியவில்லை.

அவன் தங்கை சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள் வந்தபடி தங்கிவிட்டாள். குட்டி தூங்கிய பிறகு தட்டைக் கழுவிக்கொண்டே, அவனைப் பார்க்காமல், எத்தனை நாளைக்கு இந்தக் கதை என்று கேட்டாள்.

"அண்ணியை விட்டுடு அண்ணா" என்றாள். "போகட்டும்."

*

மறுநாள் மாலை, பட்டியலில் அவள் மூன்றாம் மாடிப் படிக்கதவில் இருந்தாள். அதற்கடுத்த மாலை இரண்டாம் மாடியில்.

பூட்டில் கோளாறு என்று நினைத்தான். எங்கோ ஒரு வரி தவறாக வேறொரு வரியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படி நடக்கும். சரிபார்க்க, அவள் பெயருக்கு மட்டும் எல்லாக் கதவுகளையும் கேட்டான். பெயர் ஒருமுறை வந்தது. அதன் கீழே கதவுகள். பெயர் இருக்க வேண்டிய பத்தியில் திரையின் அடிவரை கறுப்பு. சோதனை அறை, நடை, படிக்கதவு, மறுபடி நடை, படிக்கதவு. நடுவில் எங்கெங்கோ நின்று, திரும்பி, மறுபடி இறங்கி. வழி தெரியாத வீட்டில் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பவர்கள் இப்படித்தான் நடப்பார்கள்.

வெற்றிடத்தை நம்பக் கூடாது என்று தோன்றியது. கீழே இருப்பது வேறு யாருடைய வரியாகவும் இருக்கலாம். மறைக்கும் கட்டளையை எடுத்துவிட்டு மறுபடி கேட்டான்.

அவள் பெயர் வந்தது. ஒவ்வொரு வரியிலும் வந்தது. மேலிருந்து கீழாக, இடம் விடாமல், நேர்க்கோட்டில், திரையைத் தாண்டி ஓடிக்கொண்டே வந்தது. யாரோ விடாமல் கூப்பிடுவது போல இருந்தது. அவன் திரையை மூடினான். திறந்தான். அவள் கோப்பு ஓடி எல்லாவற்றையும் பழையபடி மறைத்தது.

சொல்லு>

அவன் வேலை செய்யும் டேட்டா அறை தரைத்தளத்தின் கடைசியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. இயந்திரங்களின் ரீங்காரமும் குளிர்காற்றும் எந்நேரமும் ஒரே அளவில் இருக்கும். உள்ளே இருப்பவனுக்கு மழையும் வெயிலும் ஒன்று. தரை சமமாக இல்லாததால் கதவுக்கடியில் இரண்டு விரல் இடைவெளி உண்டு. வெளி நடையில் ஆள் நடந்தால் விளக்கு தானாக எரியும், அந்த இடைவெளி மஞ்சளாகும். ஆள் போனபின் அணையும். முன்பெல்லாம் அவன் அதைப் பார்த்ததே இல்லை. இப்போது வேலைக்கு நடுவே கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பியது. மேலே எங்கோ இரண்டு சுரம் கேட்கும். எல்லோரும் வேலை செய்யும் நேரத்தில் அது நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்தான். எல்லோரும் போன பிறகும் கேட்டது. தாழ்ந்தது ஒன்று, உயர்ந்தது ஒன்று. நேற்றைவிடக் கொஞ்சம் பக்கத்தில்.

வாசனையும் வந்தது. சோதனை அறையில் நாள் முழுக்க ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டும் சால்டரிங் செய்துவிட்டு வருவாள். எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் நுனியில் அந்தப் புகை நிற்கும், இனிப்பும் கருகலும் கலந்து. இரவில் அவன் நெற்றியில் கை வைத்தால் அதுதான் அடிக்கும். இப்போது அது குளிர்காற்றின் அடியில் மெல்லிய இழை போல வந்து போனது.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது. பயமாகவும் இருந்தது, மாலை வந்தால் பட்டியலைத் திறக்க கை பரபரவென்றும் இருந்தது. முதல் மாடி. முதல் மாடிப் படிக்கதவு. வரவேற்பு.

அந்த வாரம் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர், துக்கம் கேட்க வந்தபோது வாசலில் நின்று அழுதவர். தணிக்கைக்கு ஆட்கள் வரப்போவதாகவும், ஒரு வருடமாக உள்ளேயே இருக்கும் ஓர் ஆளைப் பற்றிக் கேட்டால் தன்னால் பதில் சொல்ல முடியாது என்றும், மேசைமேல் இருந்த பேனாவிடம் பேசுவது போலப் பேசினார். வேறு யாரையாவது விட்டுச் செய்யச் சொல்லட்டுமா என்றார். வேண்டாம், நானே செய்கிறேன் என்றான். தன் குரல் அத்தனை சாதாரணமாக வந்தது அவனுக்கே வியப்பாக இருந்தது.

*

மழை என்பதால் எல்லோரும் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். அவன் பட்டியலைக் கேட்டான். தலைப்பு வந்தது. உள்ளே இருப்பவர்கள். கீழே இரண்டே வரி.

முதல் வரியில் அவன் பெயர். டேட்டா அறை. உள்ளே.

இரண்டாவது வரியில் அவள் பெயர். டேட்டா அறை. உள்ளே.

அவன் திரும்பவில்லை.

திரையில் தன் முகத்தின் மங்கல் தெரிந்தது. அதற்குப் பின்னால் அறையின் இருட்டு. அவள் பயன்படுத்திய நாற்காலி சுவரோரமாக இருக்கும், மேலே பழைய கம்பிச் சுருள் போட்டு வைத்திருந்தான். கம்பிச் சுருள் தரையில் விழுந்து உருண்டு நின்றது. நாற்காலியின் ஸ்பிரிங் ஒருமுறை முனகியது, யாரோ உட்கார்ந்தது போல. சால்டரிங் வாசனை இப்போது இழையாக இல்லை. தொண்டைக்குள் போனது.

ஒரு வருடமாக இதைத்தானே விரும்பினான். இருக்கிறாள், இங்கேயே இருக்கிறாள் என்று. இருந்தாள். அவனால் திரும்ப முடியவில்லை.

விட்டுடு அண்ணா. போகட்டும்.

விரல்கள் விசையைத் தேடின. அவள் வரியை எடு. வெளியே போன நேரம் என்ற இடத்தில் இந்த நேரத்தை எழுது. இரண்டு முறை எழுத்துப் பிழை வந்தது. மூன்றாவது முறை திரை ஏற்றுக்கொண்டது. ஒன்றும் சொல்லவில்லை. உறுதி செய்யும் கட்டளையைக் கொடுத்தான். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லு>

நாற்காலி முனகியது. பின்னால் கதவு இரண்டு சுரம் ஒலித்துத் திறந்தது. மெல்ல, அதன் வழக்கப்படி, தானாக வந்து சாத்திக்கொண்டது. இடைவெளி மஞ்சளானது. அணைந்தது.

பட்டியலை மறுபடி கேட்டான். ஒரே வரி. அவன் பெயர் மட்டும்.

அறையில் குளிர்காற்றின் வாசனை மட்டும் இருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டான். முடிந்தது. இத்தனை சுலபமாக முடியும் என்றால் ஏன் இத்தனை நாள். இனி சாவிக்காரர் காலி அறையில் போய்ப் பேச வேண்டாம். தணிக்கை ஆட்கள் வரட்டும். தங்கையிடம் சொல்லலாம். குட்டியிடமும். இன்று ஷூவைக் கழற்றும்போது அவள் எதிரே வந்து உட்காருவாள். அம்மா வெளிய வந்துட்டாளா என்பாள். இன்றைக்கு அவன் சொல்லலாம், வந்துட்டா.

வந்துவிட்டாள்.

கை மேசைமேல் அப்படியே நின்றது.

வேலை முடிந்து வெளியே வருகிறவர்கள் எங்கே போவார்கள்?

தொலைபேசியில் தங்கை உடனே எடுத்தாள்.

"குட்டி எங்க?"

"இங்கதான், வாசல்கிட்ட. ஷூவை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. கழட்டுடீன்னா கேக்கல. அம்மாவுக்கு வேலை முடிஞ்சுருச்சாம்." அவள் குரல் தாழ்ந்தது. "ஏண்ணா, நீ போன் பண்ணிச் சொன்னியா?"

"நான் சொல்லல."

"பின்ன யாரு—" அவளுக்குப் பின்னால் இரண்டு சுரம் கேட்டது. குட்டியின் குரல், மகிழ்ச்சியாக, "டூ-டீ" என்றது. தங்கை சிரித்தாள். "நீதானா? வாசல்ல நின்னுக்கிட்டா போன் பண்ற?"

"கதவைத் திறக்காத."

"அது திறந்துருச்சே."

பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை. மழைச் சத்தம் மட்டும், கதவு அகலத் திறந்த வீட்டில் கேட்கிற மாதிரி, பெரிதாகக் கேட்டது. நடுவில் ஒரே ஒரு சொல். தங்கைதான் சொன்னாள், சின்னப் பெண் குரலில்.

"அண்ணி."

அவன் கத்தினான். இணைப்பு அறுபடவில்லை. மழை பெய்துகொண்டே இருந்தது. யாரும் இல்லை.

தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வீட்டுக்கென்று அவள் எழுதிய பட்டியலை ஓடவிட்டான்.

வீட்டு வாசல்      உள்ளே         அம்மா
வீட்டு வாசல்      வெளியே      அம்மா
                                              குட்டி

காலி இல்ல. மேல இருக்கிறதுதான்.

திருப்பி எழுது. எழுதிய நேரத்தை அழி. வெற்றிடமாக்கு, பழையபடி உள்ளே என்று காட்டட்டும், அவள் உள்ளேயே இருக்கட்டும். தட்டினான். உறுதி செய்தான். நடந்ததா இல்லையா, திரை சொல்லவில்லை. மறுபடி தட்டினான். சொல்லவில்லை. பேசாதே என்று அதற்குச் சொல்லி வைத்தவள் அவள். பட்டியலைக் கேட்டான். அவன் பெயர் மட்டும். மறுபடி. அவன் பெயர் மட்டும்.

எழுந்தான். ஓட வேண்டும். வீட்டுக்கு. நாற்காலி பின்னால் சரிந்தது.

இடைவெளி மஞ்சளானது.

வீட்டிலிருந்து இங்கே வர பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும். அதனால் அது சாவிக்காரர். தாள் வரவில்லையே என்று பார்க்க வந்திருக்கிறார். சாவிக்கொத்து குலுங்கும். அவர் நடந்தால் எப்போதும் குலுங்கும்.

குலுங்கவில்லை.

விளக்கு அணையவும் இல்லை. யாரோ நிற்கிறார்கள்.

பூட்டு ஒலிக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், அவன் இடுப்பு உயரத்துக்குக் கீழே, ஒரு சின்ன வாய் சொன்னது.

"டூ-டீ."

அவனுக்குக் கால் வரவில்லை. கை வந்தது. முன்பு கேட்டதையே மறுபடி கேட்க ஒரே ஒரு சாய்கோடு போதும். அது அவள் சொல்லித் தந்தது. தட்டினான். வீட்டுப் பட்டியல் மேலே ஏறியது. அதன் கீழே புதிதாக வந்தது. வீட்டு அட்டைகள் இந்தக் கட்டிடத்தில் ஒரு கதவையும் திறக்காது. ஆனாலும் வந்தது.

டேட்டா அறை      வெளியே      அம்மா
                                              குட்டி
                                              அப்பா

அவன் அட்டை கழுத்தில்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தான். அவன் இன்னும் உள்ளேதான் இருந்தான்.

தொலைபேசியில் மழை நின்றிருந்தது.

மெல்ல மண்டியிட்டான். கன்னம் தரையில் பட்டது. தரை சில்லென்றிருந்தது. இடைவெளி வழியாகப் பார்த்தான்.

குட்டியின் ஷூ. மழைச் சேறு, ஒரு நாடா அவிழ்ந்து கிடந்தது. சற்றுத் தள்ளி, ஒரு வருடமாக மேசைக்கடியில் கிடந்த செருப்பு. அதில் கால்கள்.

நான்கும் அவன் பக்கம் பார்க்கவில்லை. குதிகால்கள்தான் கதவைப் பார்த்தபடி இருந்தன. எங்கோ கிளம்பிவிட்டு, இன்னும் ஓர் ஆள் வரட்டும் என்று முதுகு காட்டிக் காத்து நிற்கிறவர்களைப் போல.

இரண்டு ஜோடிக்கும் நடுவில், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

மேலே திரையில் மின்னிக்கொண்டிருந்தது.

சொல்லு>